எழுந்து நடக்க முடியாத நாளுக்கான வீடு

கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனால் மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் பல கண்ணில் படும். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் வேர்விட்டு வளர்ந்த ஊர்களில் கோவை முக்கியமானது. இதமான தட்பவெப்பம், கைக்கெட்டும் தூரத்தில் பெரிய மருத்துவமனைகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். நாட்டின் சராசரி அப்போது 8.6. இந்த வீடுகள் இன்னும் பெருகத்தான் போகின்றன, பெருகவும் வேண்டும். பெற்றோரை அங்கே விடுவது பாவம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. நாம் அவற்றை எடைபோடும் முறைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். மகனோ மகளோ விடுப்பில் வருகிறார்கள். இரண்டு மூன்று இடங்களைக் காலை பதினோரு மணி வாக்கில் சுற்றிப் பார்க்கிறார்கள். தோட்டம், நூலகம், பஜனைக் கூடம், டைனிங் ஹால், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் காட்டப்படுகின்றன. டெபாசிட் எவ்வளவு, மாத மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டு முடிவெடுக்கிறார்கள். இன்று எழுபது வயதில் கைவீசி நடக்கும் அம்மாவுக்கு அந்த இடம் பொருந்துமா என்ற கேள்விக்கு இப்படிப் பார்ப்பதே போதும். எட்டு ஆண்டு கழித்து, இடுப்பெலும்பு முறிந்து, இரவில் இரண்டு முறை கழிப்பறைக்குத் துணை தேவைப்படும் அம்மாவை அந்தச் சுற்றில் யாரும் நினைப்பதில்லை.

நேரில் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத சில விஷயங்களைக் கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். நடைபாதையில் மூத்திர வாடை அடிக்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா? உதவிக்கு இருக்கும் பெண்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறார்களா? “எந்திரி, வாயைத் திற” என்கிறார்களா, “எந்திரிங்கம்மா, ஒரு வாய் சாப்பிடுங்க” என்கிறார்களா? இதற்கு அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தாலே போதும். ஆனால் வந்தவர்களைத் தனியாக உட்கார விடாமல், மேலாளர் கூடவே நடந்து காட்டுகிற சுற்றில் இவை எதுவும் தெரியாது.

இந்தக் குடியிருப்புகளின் பெரிய நன்மை ஒன்றை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஐம்பது ஆண்டு மூன்று வேளையும் சமைத்த ஒரு பெண்ணுக்குப் பணி ஓய்வு என்ற ஒன்றே கிடையாது. பொதுச் சமையலறை அதை முதல் முறையாகக் கொடுக்கிறது. குழாய் ரிப்பேர், கரண்ட் பில், வேலைக்கு ஆள் வராத காலை ஆகிய எல்லாம் தலையிலிருந்து இறங்குகின்றன. பேச்சுத் துணையும் கிடைக்கிறது. தனி வீட்டில் டிவியோடு கழியும் முதுமையை விட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: பல இடங்களில் சைவச் சாப்பாடு மட்டுமே. மீன் குழம்பு இல்லாமல் வாழ்ந்தறியாத ஒருவரும், வேறு மதத்தைச் சேர்ந்தவரும் அங்கே விருந்தாளியாகவே மிஞ்சிவிடுகிறார்கள்.

குழப்பம் தொடங்குவது ‘சீனியர் லிவிங்’ என்பதும் ‘அசிஸ்டெட் லிவிங்’ என்பதும் ஒரே பலகையின் கீழ் விற்கப்படும்போது. முன்னது தங்குமிடமும் வசதியும்; பின்னது உடம்பைத் தொட்டுச் செய்யும் பராமரிப்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். இன்றும் முதியோர் மருத்துவத்தில் ஒருவருடைய நிலையை இந்த ஆறை வைத்துத்தான் கேட்கிறார்கள். இடம் பார்க்கப் போகிறவர்களும் இதையே கையில் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும், அம்மாவால் முடியாமல் போனால் யார் செய்வார்கள், அதற்கு மாதம் எவ்வளவு கூடும், அதிகாலை இரண்டு மணிக்கும் செய்வார்களா என்று கேட்டால் போதும். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இரவுதான் உண்மையான பரீட்சை. குளியலறையில் அவசர மணிக்கு ஒரு கயிறு தொங்கும். அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். தரையைத் தொடுகிற மாதிரி விட்டிருந்தால் வழுக்கி விழுந்தவர் படுத்தபடியே இழுக்கலாம். துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைச் சுருட்டித் தோளுயரத்தில் கட்டியிருந்தால், நிற்க முடிந்தவருக்கு மட்டுமே அது பயன்படும். அனுமதி கேட்டு அதை ஒரு முறை இழுத்துப் பார்ப்பதில் தவறில்லை. யார் வருகிறார், எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்பது பத்துப் பக்க விளம்பரத்தை விட அதிகம் சொல்லும்.

சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்கள். சமையல் ஆட்களின் ஷிஃப்ட் முடிய வேண்டும் என்பதற்காக ஆறரைக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும் இடங்கள் உண்டு. அடுத்த உணவு மறுநாள் எட்டு மணிக்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவதற்கு இந்த இடைவெளி ஒன்றே போதும். கழிப்பறைக்குத் துணை வர ஆள் இல்லை என்று தெரிந்த முதியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. அந்த வயதில் அது காய்ச்சலாக வராமல் திடீர்க் குழப்பமாகவும் வரலாம். ‘அம்மாவுக்கு நேற்றிலிருந்து நினைவு தடுமாறுகிறது’ என்று பிள்ளைக்குப் போன் வரும். ஆள் பற்றாக்குறையை யாரும் சொல்லமாட்டார்கள்.

நினைவிழப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இரவில் கத்துகிறார், அலைகிறார் என்று மனநோய் மருந்து கொடுத்து அடக்குவது எளிது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடுமையான எச்சரிக்கை விட்டது. தூங்க வைக்க எந்த மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது, குடும்பத்துக்குச் சொல்வீர்களா என்று கேட்க வேண்டியது பிள்ளைகளின் கடமை.

பாதுகாப்பை மட்டும் அளந்தாலும் தவறிவிடுவோம். கெரன் பிரவுன் வில்சன் 1983இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் தொடங்கிய ‘பார்க் பிளேஸ்’ இந்த ‘அசிஸ்டெட் லிவிங்’ வகைக்கு முன்னோடிகளில் ஒன்று. அங்கே முதியவருக்குத் தன் அறைக் கதவைத் தானே பூட்டிக்கொள்ளும் உரிமை இருந்தது. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது என்பதும் அவர் முடிவு. இங்கே ஷிஃப்ட் மாறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பிக் குளிப்பாட்டும் இடங்களைப் பிள்ளைகள் ‘நல்ல டிசிப்ளின்’ என்று மெச்சுகிறார்கள். குளிரில் நடுங்கும் அந்த உடம்புக்குச் சொந்தக்காரரை யாரும் கேட்பதில்லை. ஒரு மாதமாவது வாடகைக்குத் தங்கிப் பார்த்துவிட்டு, ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ அவர் சொல்வதுதான் முதல் மதிப்பெண்ணாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் துணை மெலிந்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கவும், மாவட்டத்துக்கு ஒன்றாக ஆதரவற்றோருக்கு 150 பேர் தங்கும் இல்லங்கள் அமைக்கவும் வழி சொல்கிறது. பணம் கட்டித் தங்குபவரின் பராமரிப்புத் தரத்தைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது முன்மாதிரி வழிகாட்டுதல்தான். மாநிலங்கள் எடுத்துக்கொண்டால் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா கட்டடத்தைப் பார்க்கும். ராத்திரி ஷிஃப்டைப் பார்க்காது. ஆகவே எல்லாம் ஒப்பந்தத் தாளில் போய் நிற்கிறது. படுக்கையில் விழுந்தால் வெளியேற்றுவார்களா, மருத்துவமனையில் இருக்கும் மாதத்துக்கும் கட்டணம் உண்டா, பராமரிப்பு நிறுவனம் மாறினால் யார் பொறுப்பு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்ற நான்கையும் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது.

அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு 2008 முதல் நட்சத்திரத் தரவரிசை இருக்கிறது. அசிஸ்டெட் லிவிங் வீடுகள் அங்கேயும் அதற்குள் வருவதில்லை. முதலில் எத்தனை ஊழியர் என்பதை அந்த நர்சிங் ஹோம்களே எழுதிக் கொடுத்தன. 2016 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கத் தொடங்கிய பிறகுதான், சனி ஞாயிறுகளில் ஆட்கள் எவ்வளவு குறைகிறார்கள் என்பது வெளியே வந்தது. தமிழ்நாட்டில் இத்தனை பெரிய ஏற்பாட்டோடு தொடங்க வேண்டியதில்லை. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர், ஆண்டில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, உதவியாளர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் வேலையை விட்டார்கள் ஆகிய நான்கு எண்களை ஒவ்வொரு குடியிருப்பும் தணிக்கைக்கு உட்பட்டு வாசலில் எழுதி வைக்க அரசு உத்தரவிடலாம். அதுவரை இந்த நான்கையும் மேலாளரிடம் நேராகக் கேட்கலாம். கடந்த ஓராண்டில் அங்கேயே காலமானவர்களின் குடும்பத்தில் ஒருவரோடு பேச முடியுமா என்றும் கேட்கலாம்.