பட்டியலுக்குள் அடங்காத மனச்சோர்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் ஒருவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய் வீதம் ஒரு தொகை ‘ஈ.எஸ்.ஐ.’ என்று பிடிக்கப்பட்டிருக்கும். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். 2019 ஜூலையில் வகுக்கப்பட்ட விகிதம் இது. 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய் ஆகிறது. இந்தப் பணம் மனநோய்க்கும் உதவுமா?

உதவும், பலருக்கு இது தெரியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இத்திட்டம், மருத்துவத்தோடு இழந்த கூலியில் ஒரு பகுதியையும் தருகிறது. போதிய நாட்கள் சந்தா கட்டியவருக்கு மருத்துவர் சான்று அளித்தால், ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். நெடுநாள் நோயானால் 80 விழுக்காடு. இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். நெடுநாள் நோய் எது என்பதை 34 நோய்கள் கொண்ட ஒரு பட்டியல் சொல்கிறது. நம் குறை அந்தப் பட்டியலைப் பற்றியதே.

அதில் மனநோய் என்ற தலைப்பின்கீழ் மனச்சிதைவு, வெறியும் சோர்வும் மாறிவரும் மனநோய், மறதி நோய், ‘உள்ளெழு மனச்சோர்வு’ ஆகிய நான்கு உள்ளன. முதல் மூன்றைச் சேர்த்தது பாராட்டத்தக்கது. நான்காவதில்தான் சிக்கல்.

வெளிக்காரணம் இன்றி உள்ளிருந்தே எழுவது ‘உள்ளெழு’ சோர்வு. கடன், விபத்து, சாவு ஆகியவற்றால் வருவது ‘எதிர்வினை’ச் சோர்வு என்று முன்னாளில் மருத்துவர்கள் பிரித்தார்கள். ஆராயப் புகுந்தபோது இந்த எல்லைக்கோடு நிலைக்கவில்லை. துயரத்துக்குப் பின் தொடங்கிய சோர்வும் தூக்கத்தைப் பறிக்கிறது, பசியைக் கெடுக்கிறது, மருந்து தேவைப்படும் அளவுக்கு முற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட பத்தாம் நோய் வகைப்பாடு, சோர்வை இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என அளவைக் கொண்டே பிரித்தது. பட்டியலோ பழைய சொல்லை விடவில்லை.

சொல்தானே என்று நினைக்காதீர்கள். உடன் உழைத்தவர் இயந்திரத்தில் சிக்கியதைக் கண்ணால் கண்டபின் சோர்வில் விழுந்த தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் நோய்க்குக் காரணம் வெளியே தெரிகிறது. சொல்லுக்குச் சொல் படித்தால் அவர் பட்டியலுக்கு வெளியே! அதே பட்டியலில் இதயத்தைப் பெரிதும் பாதித்த மாரடைப்பும் உண்டு. அது கடன் கவலையால் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி? உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. அந்த நியாயம் இங்கும் பொருந்த வேண்டாமா?

பட்டியல் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்கள் வீட்டில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் இருந்தால், அவருக்குரிய மருந்தகத்துக்கு முதலில் செல்லுங்கள். “உடம்பு சரியில்லை” என்பதோடு நிறுத்தாமல் தூக்கம், பசி, அழுகை, சாவைப் பற்றிய எண்ணம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பும் சீட்டைக் கேளுங்கள். 91 நாள் உதவிக்கு நோய் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. இரவில் மனம் தத்தளித்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் இருக்கிறது.

பிடித்த பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. பட்ட துன்பத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் வேண்டும்.