ஆள் வரும் முகவரி, கடிதம் வரும் முகவரி

திருப்பூரில் நான்கு தையல் மெஷின் போட்டுக் குழந்தைகளுக்கான பனியன் உடுப்பு தைக்கிறவர் அமேசானில் விற்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் அவர் வந்து முட்டிக்கொள்ளும் இடம் மகாராஷ்டிரம். மும்பையை ஒட்டிய பிவண்டியில் இருக்கும் கிடங்கில் சரக்கை முன்கூட்டியே இறக்கி வைத்தால் மும்பை வாடிக்கையாளருக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் சரக்கு எந்த மாநிலத்திலிருந்து விற்பனைக்குப் புறப்படுகிறதோ அந்த மாநிலத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கிடங்கைக் கூடுதல் தொழிலிடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் முதன்மைத் தொழிலிடம் என்று ஒரு முகவரி காட்டியாக வேண்டும். அங்கே அவருக்கு ஒரு சாண் இடம்கூடக் கிடையாது.

விர்ச்சுவல் ஆபீஸ் என்ற தொழில் இந்தியாவில் இவ்வளவு பரவியதற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம். வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் என்ஓசி (ஆட்சேபனை இல்லைச் சான்று), கரண்ட் பில் நகல் எல்லாம் கைக்கு வந்துவிடும். மேஜை நாற்காலி போட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதிசெய்து விற்பவருக்கு இந்தத் தலையிடி இல்லை. இலங்கையில் வற் வரி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்துச் சரக்கு வெள்ளவத்தைக் கடையில் விற்றாலும் மாத்தறையில் விற்றாலும் மாகாணத்துக்கு மாகாணம் பதியச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அவர் கொழும்பில் ஒரு முகவரி தேடினால் அது மதிப்புக்காக. கடிதத் தலைப்பில் ‘கொழும்பு 03’ என்று இருந்தால் வெளிநாட்டு வாங்குநர் நம்புவார், வங்கி முகாமையாளர் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவார் என்ற எண்ணம். கொழும்பில் கொள்ளுப்பிட்டிக்கும் கோட்டைக்கும் உள்ள அந்தப் பெருமை சென்னையில் நுங்கம்பாக்கத்துக்கும் அண்ணா சாலைக்கும் உண்டு. ஆனால் பிவண்டி முகவரியைத் திருப்பூர்க்காரர் பெருமைக்காக வாங்கவில்லை. அது இல்லாமல் அங்கே சரக்கை இறக்க முடியாது என்பதால் வாங்கினார்.

தேவை இப்படி வேறுபடுவதால் அரசு அந்த முகவரியைப் பார்க்கும் விதமும் வேறுபடுகிறது.

இந்திய அரசு முகவரியைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. இல்லாத கடையின் பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரியைச் சுருட்டிய கும்பல்கள் ஏராளம். அவற்றைப் பிடிக்க 2023 மே 16 முதல் ஜூலை 15 வரையும், மறுபடி 2024 ஆகஸ்ட் 16 முதல் அக்டோபர் 15 வரையும் நாடு முழுக்கப் போலிப் பதிவு வேட்டை நடந்தது. அதிகாரிகள் முகவரி முகவரியாக ஏறி இறங்கினார்கள். கம்பெனிச் சட்டமும் இதே திசையில்தான் போயிருக்கிறது. 2019இல் கொண்டுவந்த ஐஎன்சி-22ஏ படிவத்துக்குக் கட்டடத்தின் வெளிப்புறப் படமும், இயக்குநர் ஒருவராவது உள்ளே இருக்கும் படமும், அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் கேட்டார்கள். 2022இல் சேர்ந்த விதிப்படி, சந்தேகம் வந்தால் கம்பெனிப் பதிவாளர் உள்ளூர்ச் சாட்சிகள் இருவரை வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்தை நேரில் சோதிக்கலாம். வாசலில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்க வேண்டும், அதுவும் அந்த வட்டார மொழியிலும் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பகிர்வு அலுவலக முகவரியே தவறு என்று சட்டம் சொல்லவில்லை. ஒரே பகிர்வு அலுவலகத்தில் இயங்கும் பல நிறுவனங்கள் தனித்தனியே ஜிஎஸ்டி பதிவு பெறலாம் என்று கேரளத்தின் முன்தீர்ப்பு ஆணையம் 2018இல் சொல்லியிருக்கிறது. தவறு எங்கே வருகிறது என்றால், அதிகாரி மாடியேறி வரும்போது பெயர்ப்பலகையும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை என்கிற இடத்தில். அறிவித்த இடத்தில் தொழில் நடக்கவில்லை என்று எழுதிவிட்டால் பதிவை ரத்து செய்ய நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் சொல்ல ஏழு வேலை நாட்கள்தான்.

அந்த நோட்டீஸ் அந்த முகவரிக்குத் தபாலில் வரும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றினாலே கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தளத்தைத் திறந்து பார்க்காமல் கெடு தாண்டி, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடியவர்கள் நிறையப் பேர். ஆள் வந்து சோதிக்கும் முகவரி ஒன்று, கடிதம் வந்து விழும் பெட்டி இன்னொன்று. சிறு வியாபாரிக்கு இது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். கதவைத் தேடி வரத் தெரிந்த துறைக்குக் கடிதத்தையும் அதே கதவில் சேர்க்கத் தெரியாதா?

இலங்கையில் இது தலைகீழ். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், ஒவ்வொரு கம்பனிக்கும் நாட்டுக்குள் ஒரு பதிவு அலுவலகம் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது. அது எதற்கு என்றால், கடிதங்களும் அறிவித்தல்களும் போய்ச் சேர. அதனால் சிறிய கம்பனிகள் பலவற்றின் பதிவு முகவரி அவற்றின் கம்பனிச் செயலாளருடைய அலுவலகம்தான். சட்டப்படி செயலாளர் ஒருவர் கட்டாயம் என்பதால், அவருடைய மேசையே முகவரியுமாகிவிட்டது. ‘விர்ச்சுவல் ஒபிஸ்’ என்று பலகை போட்டு விற்பதற்கு முன்பிருந்தே அங்கே இது நடைமுறை.

தனியாள் வியாபாரம் என்றால் கதை வேறு. பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அவருக்குத் தன் பிரிவில் யார் எந்தக் கடை வைத்திருக்கிறார் என்பது தெரியும். பருத்தித்துறையில் இருந்துகொண்டு கொள்ளுப்பிட்டியில் தனியாள் வியாபாரம் என்று அவரிடம் காட்டுவது கடினம். இந்தியா அட்சரேகையைக் கேட்டு நம்புகிறது, இலங்கை ஊரறிந்த ஒருவரின் கையெழுத்தை நம்புகிறது. எனக்கு இரண்டாவதுதான் மனித அளவில் இருப்பதாகப் படுகிறது. அந்த ஒருவர் கதிரையில் இல்லாத நாட்களில் அலைச்சல்தான் என்பதும் தெரியும்.

இரண்டு நாட்டிலும் இந்தச் சேவை உண்மையிலேயே காப்பாற்றுவது வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களை. வாடகை வீட்டில் புடவை விற்கும் ஒருவரிடம் வீட்டு ஓனர், ‘வீட்டு வரி வணிக வரியாகிவிடும், என்ஓசி தர முடியாது’ என்பார். தந்தாலும் இன்னொரு கவலை வரும். ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினால் முதன்மைத் தொழிலிடம் யார் கண்ணுக்கும் தெரியும். பொருள் பிடிக்காத வாடிக்கையாளர், காரணமே இல்லாமல் பின்தொடரும் ஒருவர், எவரும் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கலாம். தனியாகக் குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு மாற்று முகவரி ஆடம்பரமல்ல. சமைத்து விற்பவருக்கு மட்டும் இந்த வழி முழுதாக உதவாது. உணவுப் பதிவுக்கு அடுப்பு எரியும் இடத்தைத்தான் காட்ட வேண்டும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியும் இரு நாட்டில் இரு விதம். சென்னையிலோ பிவண்டியிலோ வாங்குகிறவர் கேட்க வேண்டியது: என் பெயர்ப்பலகை சுவரில் ஏறுமா? கரண்ட் பில்லில் இருக்கும் பெயரும் என்ஓசியில் கையெழுத்திடுபவரும் ஒருவர்தானா? அதிகாரி வந்தால் என் கோப்பை எடுத்துக்காட்ட ஆள் இருக்குமா?

கொழும்பில் வாங்குகிறவர் கேட்க வேண்டியது: பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைப்பது யார்? உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி மதிப்பீட்டை எதிர்த்து மீளாய்வு கேட்க 30 நாள்தான் உண்டு. கடிதம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரவே அதில் பாதி கழிந்தால்? செயலாளரே நாட்டை விட்டுப் போய்விட்டால்? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அப்படிப் போனவர்கள் கொஞ்சப் பேரா? முகவரி மாற்றத்துக்கான 13ஆம் படிவத்தை யாரும் கொடுக்காதவரை, கம்பனிக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் தபால்காரர் பூட்டிய அந்தப் படலைக்குத்தான் கொண்டுபோவார்.