ஜோடிக்குள் நடந்தால் பிழையில்லையா?

2019-இல் வந்த 'தார்ன்டைப்' என்ற தாய்லாந்துத் தொடரில், குடித்துத் தன்னினைவில்லாமல் கிடக்கும் அறைத்தோழன் டைப்பை, அவன் சம்மதமில்லாமல் தார்ன் தொடுகிறான். டைப் சிறுவயதில் ஓர் ஆணின் பாலியல் வன்முறைக்கு ஆளானவன். அந்தக் காயத்தால்தான் தன்பாலீர்ப்புள்ள ஆண்களையே வெறுக்கிறான். 2021-இல் வந்த 'ஐ பிராமிஸ்ட் யூ த மூன்' தொடரில், தே தன் காதலன் ஓ-ஏவிடம் உண்மையாக இல்லை. நாடக மேடையில் நெருங்கிப் பழகிய மூத்தவன் ஜையிடம் மனம் சாய்கிறான், முத்தமிடுகிறான். இந்த இரண்டு பிழைகளையும் பார்வையாளர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. தார்னைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவன் பெரும்பாலோர் மனதில் பொறுமையும் பாசமும் நிறைந்த காதலனாகவே தங்கினான். அவன் காதலின் தொடர்ச்சியாக இரண்டாம் பருவமும் வந்தது. தே மீதோ ஆற்றாமையும் ஆத்திரமும் கொட்டின. கடைசியில் இருவரும் சேர்ந்தபோது, சேர்ந்திருக்கவே கூடாது என்றவர்கள் ஏராளம்.

சம்மதமில்லாத தொடுகையைப் பொறுத்துக்கொண்ட நெஞ்சம், தடுமாறிய மனதைப் பொறுக்கவில்லை. இந்தத் தொடர்களின் காதல்களுக்குப் பார்வையாளர்கள் காட்டும் எதிர்வினைகளை எவ்வளவு தூரம் திறனாய்வாக ஏற்கலாம் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

இவை சிறு வட்டத்துக்குள் முடங்கிய எதிர்வினைகள் அல்ல. 2014-இல் 'லவ் சிக்', 2016-இல் 'சோட்டஸ்', 2020-இல் பெருந்தொற்றுக்காலத்தில் உலகெங்கும் பரவிய 'டூகெதர்' என்று, ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் இந்த பி.எல். (பாய்ஸ் லவ்) தொடர்கள் வளர்ந்த வேகத்தில், பார்ப்பவர்களின் விருப்பு வெறுப்பு தயாரிப்பாளர்களின் கணக்கில் முதல் வரியாகிவிட்டது. அவர்கள் சொல்வது அடுத்த தொடரின் எழுத்தை மாற்றுகிறது. அந்தச் சொல்லை எடைபோடாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

என் ஐயத்துக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. கற்பனையில் ரசிப்பதும் வாழ்வில் ஒப்புக்கொள்வதும் வேறுவேறு. பெண் உடல் காயப்படாத ஒரு கதைவெளியில் ஆசையின் இருண்ட பக்கங்களைப் பெண் பார்வையாளர்கள் அச்சமின்றிப் பார்க்கிறார்கள், அதில் நீதிபதிக்கு என்ன வேலை என்பது அது. இதில் பாதியை நான் முழுமனதாக ஏற்கிறேன். 2022-இன் 'கின்போர்ஷ்' தொடரில் வேகஸ் பீட்டைச் சிறைப்பிடித்துச் சித்திரவதை செய்கிறான். அந்த இருவருக்கிடையே காதலும் முளைக்கிறது. கேட்கவே கூசும் கதை. ஆனால் அது மாஃபியாக் குடும்பங்களின் உலகம். கொடுமையைக் கொடுமை என்றே அந்தத் தொடர் காட்டுகிறது. வேகஸை அப்படி ஆக்கிய தகப்பனையும் காட்டுகிறது. அந்த ஜோடியை ரசித்தவர்கள் எதை ரசிக்கிறோம் என்று தெரிந்தே ரசித்தார்கள். 'தார்ன்டைப்' அப்படியல்ல. அது கல்லூரிக் காதல் கதை. விடுதி அறை, கால்பந்து, சாப்பாடு, செல்லச் சண்டை ஆகியவற்றுக்கு நடுவே அத்துமீறலையும் குறும்பின் வரிசையில் வைத்துவிடுகிறது. எதைக் காட்டினார்கள் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். காட்டுவது என்னவென்று படைப்புக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே முக்கியம். இந்த வேறுபாட்டைப் பார்வையாளர்கள் செய்திருந்தால் கற்பனைச் சுதந்திர வாதம் முழுமையாக நின்றிருக்கும். பெரும்பாலும் செய்யவில்லை.

இன்னொரு விளக்கமும் உண்டு, இது இன்னும் நியாயமானது. தே மீதான கோபம் அந்தத் தொடரின் கலைக்குக் கிடைத்த பாராட்டு என்று சொல்லலாம். முதல் பாகமான 'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' ஃபுக்கெட்டின் தெருக்களிலும் கடலிலும் இரண்டு பையன்களின் தயக்கத்தை அணுவணுவாக வளர்த்தது. கண்ணாடி முன் சிவப்பு உள்ளாடையை அணிந்துபார்த்து, தான் பெண்ணாக இருந்திருந்தால் தே தன்னை ஏற்றிருப்பானோ என்று ஓ-ஏவ் உடைகிற காட்சி, தாய்லாந்துத் தொடர்கள் இந்தக் காதலைப் பற்றி எடுத்தவற்றிலேயே மிக நேர்மையானது என்பது என் எண்ணம். அவ்வளவு நெருக்கமாக அறிந்தவன் ஏமாற்றப்படும்போது வலி பார்ப்பவருக்கும் தைக்கும். 'தார்ன்டைப்'பின் வன்முறையோ பழகிப்போன வார்ப்பு, அது தைப்பதில்லை. ஆகவே கோபத்தின் அளவு அறத்தைக் காட்டவில்லை, நம்பகத்தன்மையைக் காட்டுகிறது என்பார்கள்.

ஒரே தொடருக்குள், ஒரே நம்பகத்தன்மையில், இரண்டு வகைப் பிழைகளும் அருகருகே இருந்தால் இந்த விளக்கத்தைச் சரிபார்த்துவிடலாம். 2023-இல் ஜிஎம்எம் டிவி எடுத்த 'ஒன்லி ஃபிரெண்ட்ஸ்' அந்த வாய்ப்பைத் தந்தது. சேர்ந்து ஒரு விடுதி நடத்தும் நண்பர்கள், அவர்களைச் சுற்றிய காதல்கள், துரோகங்கள். மியூவைக் காதலிக்கும் டாப், மியூவின் நண்பன் பாஸ்டனோடு உறவுகொள்கிறான். பாஸ்டனை நேசிக்கும் நிக், அவனுடைய காரில் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துவைக்கிறான். பாஸ்டனின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்கிறான். அந்தப் பதிவு பின்னால் ஆயுதமாகிறது.

மூவரும் பிழை செய்தவர்கள். டாப் தன் காதலனுக்குத் துரோகம் செய்தான், பாஸ்டன் தன் நண்பனுக்கு. நிக் செய்தது வேறு வகை. இன்னொரு மனிதனின் சம்மதத்தையே அவன் பறித்தான். தொடர் ஒளிபரப்பான வாரங்களில் கோபத்தின் பெரும்பங்கு பாஸ்டன் மேல் விழுந்தது. டாப்புக்கு மன்னிப்பு வேண்டினார்கள். நிக்குக்காக இரங்கினார்கள், ஒருதலைக் காதலில் நொந்தவன், பாவம் என்றார்கள். மூன்று பேரில் காதலையும் படுக்கையையும் ஒன்றாகக் கட்டாதவன் பாஸ்டன் மட்டுமே. தன்னைப் பற்றி யாரிடமும் பொய்யான வாக்குறுதி தராதவனும் அவன்தான். அவனுக்குத்தான் தண்டனை கேட்டார்கள். கதையும் இணங்கியது. மியூ-டாப், ரே-சாண்ட் என்ற மற்ற இரண்டு ஜோடிகள் கூடுகின்றன. பாஸ்டன் துணையில்லாமல் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறான்.

இங்கே நம்பகத்தன்மை வாதம் எனக்கு நிற்கவில்லை. நடிப்பும் எழுத்தும் மூவருக்கும் ஒரே தரத்தில் இருந்தன. வேறுபட்டது ஒன்றுதான்: டாப்பின் பிழை ஜோடிக்குள் திரும்பி ஆறக்கூடியது, நிக்கின் பிழை ஜோடியாகும் ஆசையிலிருந்து பிறந்தது, பாஸ்டனோ ஜோடி என்ற அமைப்பையே ஏற்காதவன். பார்வையாளர்களின் தராசில் ஒரு மனிதனின் விருப்பமும் மறுப்பும் எடைக்கல் ஆகவில்லை. ஜோடியே எடைக்கல்.

இதற்குப் பார்வையாளர்களை மட்டும் குறைசொல்வது அநீதி. மியூவும் டாப்புமாக நடித்த புக்கும் ஃபோர்ஸும் அதற்கு முன்பே 'என்சான்டே', 'எ பாஸ் அண்ட் எ பேப்' தொடர்களில் காதலர்களாக நடித்து, ஜிஎம்எம் டிவியின் நிலையான ஜோடியாக அறியப்பட்டவர்கள். ரேயும் சாண்டுமாக நடித்த காவ்துங்கும் ஃபர்ஸ்ட்டும் 'தி எக்லிப்ஸ்' வழியாக வந்த ஜோடி. பாஸ்டனாக நடித்த நியோவும் நிக்காக நடித்த மார்க்கும் அப்படிச் சந்தையில் நிலைநிறுத்தப்பட்ட இணை அல்ல. எந்த இரண்டு ஜோடிகள் சேர்ந்தன, எது பிரிந்தது என்று பாருங்கள். இந்தத் தொழிலில் ஒரே இரு நடிகர்களைத் தொடருக்குத் தொடர் காதலர்களாக்குவதும், ரசிகர் சந்திப்புகளில் மேடையேற்றுவதும், விளம்பரங்களில் சேர்த்து நிறுத்துவதும் வருமானத்தின் அச்சாணி. கதை தொடங்கும் முன்பே மன்னிப்பு விற்பனையாகிவிடுகிறது. நடிகர்களின் சொந்த வாழ்வில் வேறொருவர் வந்தால் ரசிகர்கள் துரோகம் என்று கொதிப்பதும் இதே வேரில் முளைத்தது. அந்தக் கொதிப்புக்கு நியாயத்தின் சாயல்கூடக் கிடையாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இதே பார்வையாளர்கள் பல இடங்களில் படைப்பாளிகளை விடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். 'சோட்டஸ்' முதல் அத்தியாயத்தில் கோங்பாப் தன் மூத்தவன் ஆர்த்திட்டை எல்லோர் முன்பும் 'மனைவியாக்கிக்கொள்வேன்' என்கிறான். ஆண்களின் காதலில் யார் கணவன், யார் மனைவி என்று பிரித்துப் பேசும் பழக்கம் இந்த வகைத் தொடர்களில் ஊறியிருந்தது. அதைக் கேள்வி கேட்டவர்களில் தன்பாலீர்ப்புள்ள பார்வையாளர்களின் குரல் கூர்மையானது. 'எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்' என்ற வசனத்தையும் அவர்கள் விடவில்லை. அது எங்களைத் துடைத்தெறியும் வசனம் என்றார்கள். முழுக்கச் சரி. எடுத்துக்காட்டாக, 'டூகெதர்' கதையில் தொடக்கத்திலிருந்தே தன் விருப்பத்தை மறைக்காத கிரீன்தான் தொல்லைக்காரன், சிரிப்புக்கு ஆளானவன். அவனிடமிருந்து தப்பிக்கத்தான் நாயகன் டைன் சரவாட்டோடு பொய்க்காதலே தொடங்குகிறான்.

அதே தொடரில் காதலர்களான பின்னும் டைனும் சரவாட்டும் நண்பர்கள்போல ஒதுங்கியே நிற்கிறார்கள் என்று குறைபட்டார்கள். 2020 ஆகஸ்டில் தொடங்கி ஐந்து அத்தியாயங்களாக வந்த 'ஸ்டில் டூகெதர்' அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. முத்தம் கேட்டார்கள் என்று இதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. சொல்லில் மட்டும் வாழ்ந்து உடலில் தோன்ற மறுக்கும் காதல், வெட்கப்பட வேண்டிய ஒன்றுபோல ஆகிவிடும். அந்தக் குறையில் உண்மை இருந்தது.

2021-இன் 'பேட் படி' இந்த எதிர்வினைகளுக்கெல்லாம் செவிகொடுத்த தொடர். அதன் காதலர்களான ப்ரானுக்கும் பட்டுக்கும் இடையே கணவன்-மனைவிக் கணக்கு இல்லை. குறுக்கே வந்து கெடுப்பாள் என்று நாம் எதிர்பார்க்கும் இங்க், பட்டின் தங்கை பாவோடு தனக்கான காதலைக் கண்டடைகிறாள். பெண்ணை வில்லியாக்கும் பழைய வழக்கத்தை ஒரே அசைவில் அது கலைத்தது. அதன் முடிவைப் பற்றி எழுந்த மனக்குறையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பகை கொண்ட பெற்றோர் முன் பிரிந்ததுபோல் நடித்து, ஆண்டுக்கணக்கில் மறைவாகவே காதலைக் காக்கிறார்கள் இருவரும். பெற்றோர் வாயால் சம்மதம் கேட்டுவிட வேண்டும் என்று பலர் தவித்தார்கள். அப்படிக் கேட்டிருந்தால், பெற்றோர் தலையசைத்த பிறகே அந்தக் காதல் முழுமையானது என்று கதை சொல்லியிருக்கும். அந்த வீடுகளுக்குள் வாழ வழி கண்டுபிடித்த இருவரைத்தான் தொடர் காட்டியது. அதுவே துணிச்சலான முடிவு.

ஆக, என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. காதலிக்கும் ஆண்களும் அருகிலுள்ள பெண்களும் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்பதில் பார்வையாளர்களின் எதிர்வினை நல்ல திறனாய்வு. தொடர்களை அது மேம்படுத்தியது. காதலுக்குள் நடக்கும் பிழையை யார் மன்னிக்கத் தகுந்தவர் என்று முடிவுசெய்வதில் அது தோற்கிறது. அங்கே பேசுவது ஜோடி விசுவாசம்.

இந்தத் தோல்வி அவர்களுடைய இயல்பு என்று நான் நினைக்கவில்லை. 2023-இன் 'மூன்லைட் சிக்கன்' அதற்குச் சான்று. பட்டாயாவில் கோழிச் சோற்றுக் கடை நடத்தும் ஜிம்மைத் தேடிவரும் வென், முன்னாள் காதலன் ஆலனோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறான். வழக்கமான எழுத்தில் ஆலன் இடைஞ்சல். வெறுத்துத் தள்ள வேண்டியவன். இங்கே அவனுக்கு ஒரு வீடு உண்டு, வாதம் உண்டு, விட்டுக்கொடுக்க முடியாத ஆண்டுகள் உண்டு. பார்த்தவர்களில் பலர் ஜிம்மும் வென்னும் சேர வேண்டும் என்று விரும்பிக்கொண்டே ஆலனுக்காகவும் வருந்தினார்கள். வென் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறானா என்று விவாதித்தார்கள். ஜோடிக்கு வெளியே நிற்பவனுக்கும் எழுத்து ஒரு முகத்தைக் கொடுத்தபோது, அந்த முகத்தைப் பார்த்து நியாயம் பேச அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்டனுக்கு அந்த எழுத்தைத் தர 'ஒன்லி ஃபிரெண்ட்ஸ்' பல அத்தியாயங்கள் முயன்றது. கடைசி அத்தியாயத்தில் கைவிட்டது. கைவிட்டதைச் சுட்டிக்காட்டியவர்களும் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர்தான். அவர்களோடுதான் நான் நிற்கிறேன்.