சபை ஒன்று, உலை எத்தனை?

'ஒற்றுமை' என்கிற சொல் கோயிலில் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கல்லறையில் இடம் கேட்டால் ஒற்றுமை. தேர் எங்க தெருவுக்கும் வரட்டுமே என்றால் ஒற்றுமை. பங்குப் பேரவையில் எங்காளு ஒருத்தர் இருக்கட்டும் என்றால் உடனே, "நாமெல்லாம் ஒரே குடும்பம், பிரிவினை பேசலாமா?" பிரித்து வைத்திருக்கிறவனிடம் யாரும் இதைப் பேசுவதில்லை. ஏன்யா பிரிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்கிறவனிடம்தான் பேசுகிறார்கள்.

நான் செஞ்சிக்குத் தெற்கே அனந்தபுரத்துக்காரன். இந்தச் சுற்றுவட்டாரச் சேரிகளில் வேதம் பரவியதில் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1876–78இல் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, சேத்துப்பட்டை மையமாக வைத்து வேலை செய்தவர் பிரெஞ்சுக்காரரான தாராஸ் சாமியார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் சேரி ஜனங்கள். 'கஞ்சிக்கு மாறுனவங்க' என்கிற ஏச்சு இன்றைக்கும் நம் காதில் விழுகிறது. எங்க ஆயா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள்: "ஆமாண்டா, கஞ்சிக்குத்தான் மாறுனோம். ஊர்க்காரன் கொட்டாங்குச்சியிலகூட ஊத்தலியே." இதைவிட நேரான மதமாற்ற வரலாற்றை எந்த ஆய்வாளரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

விசுவாசம் சேரி ஜனங்களுக்குப் பலம் கொடுத்திருக்கிறதா என்றால் கொடுத்திருக்கிறது. பகுத்தறிவுத் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் கேள்வி வேறு. அந்தப் பலம் எங்கே இருக்கிறது? சபை சொல்லும் ஒற்றுமையிலா, வேறு எங்காவதா? இதை வைத்துக்கொண்டுதான் பாமாவின் 'கருக்கு' நூலை மறுபடி வாசிக்க வேண்டும் என்கிறேன்.

1992இல் வந்த புத்தகம். திருச்சபையை இவ்வளவு கடுமையாகச் சாடிய நூலை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஒரு மையம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. திருச்சபை ஒரே பாறை இல்லை. புத்தகத்துக்கு இரண்டு விதமான வாசிப்புகள் கிடைத்தன. கோயில் வட்டாரத்தில், மடத்தை விட்டு வந்த கன்னியாஸ்திரியின் மனத்தாங்கல் என்று ஒதுக்கினார்கள். நம் தோழர்களோ, வெளியே வந்தது சரி, அந்த இயேசுவையும் விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றார்கள். இரண்டு பேருமே மடத்தின் வாசற்படியில் நின்றுவிடுகிறார்கள். சேரிக்குள் போகவில்லை.

பாமா மடத்தில் இருந்தது ஏழு வருடம். அங்கேயும் குடும்பம் உண்டு. மதர் இருக்கிறார், சிஸ்டர்கள் இருக்கிறார்கள், உறவுமுறைச் சொற்களுக்குக் குறைவில்லை. அவர் சேர்வதற்கு முன்பே, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களைச் சில சபைகள் சேர்ப்பதில்லை என்ற பேச்சு காதில் விழுகிறது. சேர்ந்த பிறகு வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், வசதியான சாப்பாடு, ஏழைகளுக்காக வாழ்வதாக ஒரு பேச்சு. அந்தக் குடும்பத்தில் அவருக்குப் பலம் கிடைக்கவில்லை; இருந்த பலமும் கரைந்தது. ஆனால் புத்தகத்தின் தலைப்பையே அவர் எபிரேயர் நிருபத்தின் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு சேர்த்துத்தான் விளக்குகிறார். அதாவது மடத்தை விட்டு வரும்போது வேத வார்த்தையை அங்கேயே போட்டுவிட்டு வரவில்லை, கையோடு எடுத்து வந்துவிட்டார். எங்க பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, பக்கத்து ஊர் மலைக்கே பனமலை என்றுதான் பேர். மட்டை இழுத்தவர்களுக்குத் தெரியும், கருக்கு ஓங்குகிறவன் கையையும் கிழிக்கும்.

என் வாசிப்பில் புத்தகத்தின் உயிர், சுடுகாட்டுத் தகராறில் சாலியருக்கும் பறையருக்கும் மோதல் வந்து போலீஸ் தெருவுக்குள் புகுகிற அத்தியாயத்தில் இருக்கிறது. ஆம்பளைகள் காட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். தெரு முழுவதும் பெண்கள் கையில். அப்போது ஒரு பையன் செத்துப்போகிறான், தகப்பன் தலைமறைவு. பெண்கள் அவனுக்குச் சேலை சுற்றி, துக்கத்துக்கு வருகிற பெண்ணைப் போலக் கூட்டி வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். எந்தப் பிரசங்கமும் சொல்லிக் கொடுத்து நடந்ததல்ல இது. எங்கள் காலனியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்த இடத்தை வாசித்தபோது, ஒரு அம்மா சொன்னது: "சேல கட்டுனதாலதாம்பா அவனால ஒப்பாரி வச்சு அழ முடிஞ்சிருக்கும். வேட்டியோட வந்திருந்தா பல்லக் கடிச்சிக்கினு நின்னிருப்பான்." விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் படிக்கவில்லை.

இதற்காகச் சேரிக் குடும்பத்தைத் தங்கத் தட்டில் வைக்க வேண்டாம். 'கருக்கு' நூலில் வீடு நிழலாக இருக்கிறது. 1994இல் வந்த 'சங்கதி'யில் அதே வீட்டுக்குள் அடி விழுகிறது. திருக்குடும்பப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே பெண்டாட்டியை உதைக்கிறவன் நம்மிடமும் உண்டு. இரண்டு புத்தகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

குடும்பம், சபை என்ற இரண்டு சொற்களையும் இறையியலாகவே திருப்பிப் போட்டவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். 2005இல் காலமானார். கிராமத்து மெட்டில், பறையோடு, பேச்சுத் தமிழில் வழிபாட்டு முறையையே அமைத்தார். கடவுளை அவர் 'பெத்தவரே' என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லில் தாயும் இருக்கிறாள், தகப்பனும் இருக்கிறான். அவருடைய முக்கியமான கருத்து 'ஒரு உலை'. ஒரே உலையில் பொங்கித் தின்கிறவர்கள்தான் ஒரு குடும்பம். உலை பிரிந்தால் அண்ணன் தம்பியே ஆனாலும் குடும்பம் இரண்டு. நற்கருணை என்பது அந்த ஒரு உலைதான் என்றார். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எந்தச் சபைக்கும் போங்கள். அசனத்தில் யார் சமைக்கிறார்கள், யார் யார் வீட்டில் கை நனைக்கிறார்கள் என்று பாருங்கள். ஒற்றுமையின் அளவு தெரிந்துவிடும்.

இசையை ஏன் மாற்றினார் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நாமும் உருகிப் பாடுகிறோம். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், சபையில் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும் என்றபோது அதை எதிர்த்து எழுதியவர் அவர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். பிரிவினை பேசியது யார் என்பதற்கு இந்தத் தேதி போதும்.

இப்போது நம் மறைமாவட்டத்துக்கே வருவோம். எறையூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பெரிய பங்குகளில் ஒன்று. அங்கே தலித் கத்தோலிக்கருக்குக் கல்லறை தனி, சவ ஊர்வலத்துக்குப் பாதை தனி. தாங்கள் கட்டிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி வன்னியக் கிறிஸ்தவர்கள் சேரியைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பேரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அந்த வீட்டுத் துக்கமும் துக்கம்தான், அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆனால் கவனியுங்கள்: கலந்து வாழமாட்டோம் என்று பாதையைப் பிரித்தவர்களே, தனியாகப் போகிறோம் என்றவர்களையும் அடித்தார்கள். சேர்க்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். 'ஒற்றுமை' என்பதற்கு அகராதியில் இல்லாத பொருள் இதுதான்.

தனிப் பங்கு கேட்பது சேரியைச் சேரியாகவே நிலைக்க வைக்காதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அதில் உறுத்தல் உண்டு. வடக்கன்குளத்துக் கோயிலில் நாடாரையும் வேளாளரையும் பிரித்த சுவரை 1910இல் கௌசானல் சாமியார் இடித்தார். இடிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரோ செத்த பிறகும் நம்மைப் பிரித்தது. ஆனால் நம்மை வெளியே நிறுத்தக் கட்டிய சுவரும், வெளியே நின்றவர்கள் மழைக்குப் போட்ட கூரையும் ஒன்றாகாது. அந்தக் கூரைக்குக் கீழேதான் ஜனங்கள் கூடுகிறார்கள், மாதாவுக்குப் பூ வைக்கிறார்கள், வழக்குக்குப் பணம் திரட்டுகிறார்கள்.

'அன்பியம்' என்று கத்தோலிக்கர்கள் தொடங்கியிருக்கிறார்களே, பத்து இருபது வீடு சேர்ந்து ஜெபிப்பது, அது நல்ல ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்து வீடுகளைத்தான் சேர்ப்பார்கள். பக்கத்து வீடு என்றால் நம்ம ஊரில் என்ன? ஒரே சாதி. ஆக ஊருக்கு ஒரு அன்பு, காலனிக்கு ஒரு அன்பு. இதில் ஒரு நன்மையும் கிடைத்தது. காலனி அன்பியத்தில் வேதம் வாசிக்கிறவளும் நம்ம வீட்டுப் பெண்தான், விளக்கம் சொல்கிறவளும் அவள்தான். கோயிலில் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசுகிறார்கள்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில், 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒத்துக்கொண்டது. 2022இல்தான் முதல் தலித் கர்தினால் வந்தார், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா. பெரும்பான்மையைச் 'சேர்த்துக்கொள்ள' இத்தனை வருஷம் யோசிக்கிற குடும்பம் வேறு எங்காவது உண்டா?

அரசாங்கம் செய்வது இன்னொரு பிரிவினை. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்து என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். பாமாவின் அண்ணன் ராஜ்கௌதமன் 2002இல் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவலில், சிலுவைராஜ் கடைசியில் வேலைக்காக இந்துவாகிறான். ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே மாதா கோயில். தங்கை மடத்தில் கடவுளைத் தேடி அழுகிறார், அண்ணன் சர்டிபிகேட்டைத் தேடிச் சிரிக்கிறார். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒரே குடும்பத்தின் இரண்டு வாக்குமூலங்களாக வாசிக்கிற வேலையை நம் விமர்சகர்கள் இன்னும் செய்யவில்லை. புதுச்சேரி வழக்கு ஒன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிக்கூடப் பேர் ஒன்று என்று இரண்டு பேரோடு வளர்ந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ராத்திரி ஜெபத்தில் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் அம்மா. காலையில் தாலுகா ஆபீஸ் வரிசையில் அதே அம்மா இன்னொரு பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.