குணமடைந்தால்தான் மலைக்குப் போகலாமா?
'லூர்து' திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

லூர்து என்பது தமிழ்க் கத்தோலிக்கருக்கு அயல்நாட்டு ஊர்ப்பெயர் அன்று. பிள்ளைகளுக்கு லூர்துசாமி, லூர்துமேரி என்று பெயரிடுகிறோம். ஆலய வளாகத்தில் கெபி எழுப்பி மெழுகுதிரி ஏற்றுகிறோம். வேளாங்கண்ணியைக் கீழ்த்திசையின் லூர்து என்று போற்றுகிறோம். இத்துணை நெருக்கமான அவ்வூரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2009ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சு மொழித் திரைப்படம் வெளிவந்தது. ஆஸ்திரிய நாட்டு இயக்குநர் ஜெசிகா ஹவுஸ்னர் லூர்து நகரிலேயே அதனைப் படமாக்கினார்.

அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படத்திற்கு ஒரு விந்தையான பெருமை வாய்த்தது. சிக்னிஸ் என்னும் கத்தோலிக்கச் சமூகத் தொடர்பு அமைப்பு அதற்கு விருதளித்தது. இத்தாலிய நாத்திகர் சங்கமும் அதே படத்திற்குத் தன் விருதை அளித்தது. ஆகவே விமர்சகர் பலரும் ஒரே வினாவைச் சுற்றி வந்தனர். இப்படம் நம்பிக்கையின் பக்கமா, ஐயத்தின் பக்கமா? அற்புதம் உண்மையா, பொய்யா? அவ்வினா சிறியதன்று. எனினும், அந்த ஆரவாரத்தில் படத்தின் தொடக்கத்திலேயே மெல்லிய குரலில் சொல்லப்பட்ட ஓர் எளிய உண்மை பலர் செவியில் விழாமற் போயிற்று என்பதே நம் கருத்து. அவ்வுண்மை நம்மைப் போன்ற இறைமக்களை நோக்கியது. ஆதலின் அதனை இங்கு எடுத்துப் பேச விழைகிறோம்.

கதை எளியது. கிறிஸ்தீன் என்னும் இளம்பெண் நரம்புத் தளர்ச்சி நோயொன்றால் கைகால் முடங்கிச் சக்கர நாற்காலியில் வாழ்கிறாள். சில்வி தெஸ்த்யூ என்னும் நடிகை இப்பாத்திரத்தை மிகையின்றி, ஏறக்குறைய முகத்தாலும் விழிகளாலும் மட்டுமே நடித்துக் காட்டுகிறார். மால்டா சபையினர் நடத்தும் திருப்பயணக் குழுவோடு அவள் லூர்துக்கு வருகிறாள். ஒருவர் அவளுக்கு உணவூட்டுகிறார். ஒருவர் படுக்கையில் கிடத்துகிறார். அறையில் உடன் தங்கும் மூதாட்டி அவளுக்காக மன்றாடி, நாற்காலியையும் தள்ளிச் செல்கிறார். உரையாடலொன்றில் அவள் தயக்கமின்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பயணம் எளிதன்று. வெளியே வருவதற்கு இத்தகைய திருப்பயணங்களே தனக்கு வாய்த்த வழி. முன்பு சென்ற உரோமை நகரே தனக்கு இன்னும் பிடித்திருந்தது.

இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் பக்தர் இருக்கலாம். ஊர் பார்க்கவா திருத்தலத்திற்கு வருவது என்று கேட்கலாம். சற்றே எண்ணிப் பார்ப்போம். நம்மில் யார் வேளாங்கண்ணிக்குப் போய்க் கடற்கரையில் நிற்காமல் திரும்பினோம்? திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலையில் கால் நனைக்கவில்லையா? பொரித்த மீன் வாங்கி உண்ணவில்லையா? திருப்பயணமும் உல்லாசமும் நமக்கு ஒன்றோடொன்று இணைந்தே வருகின்றன. அதனை யாரும் பாவமென்று எண்ணுவதில்லை. கால்கள் இயங்காத ஒருத்தி அதையே விரும்பினால் மட்டும் அவளுடைய பக்தியைச் சோதிக்கத் தொடங்கிவிடுகிறோம். இதுவே கிறிஸ்தீனின் சொல் நம்மீது வைக்கும் குற்றச்சாட்டு.

லூர்து நகர் இவ்வகையில் உலகிற்கு வழிகாட்டிய ஊர் என்பதை மறுப்பதற்கில்லை. 1858ஆம் ஆண்டு பெர்னதெத் என்னும் 14 வயதுச் சிறுமிக்கு அன்னை காட்சியளித்த நாள்முதல், நோயுற்றோரும் ஊனமுற்றோரும் அங்கே முதலிடம் பெற்றனர். 1885ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொண்டர் அமைப்பு இன்றளவும் அவர்களைத் தாங்கி வருகிறது. நீலநிற வண்டிகளில் அவர்களை அமர்த்தித் தொண்டர்கள் இழுத்துச் செல்லும் காட்சி உலகறிந்தது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, நடக்க இயலாதவரும் நெடும்பயணம் போகலாம் என்று செயலில் காட்டிய இடம் அது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நடை தளர்ந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நோயாளருள் ஒரு நோயாளராக அங்கே சென்றார். அதுவே அவருடைய கடைசி வெளிநாட்டுப் பயணமாக அமைந்தது.

ஆயினும் இதிலும் ஒரு குறை மறைந்திருக்கிறது. ஏறத்தாழ 1968இல் நிகழ்ந்த ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கடும் ஊனமுற்ற இரு சிறுவரின் பெற்றோர் தங்கள் மறைமாவட்டத் திருப்பயணத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டினர், இடம் கிடைக்கவில்லை. தாமாகவே லூர்துக்குச் சென்றனர். தங்க இடமளித்த விடுதியிலோ, பிற விருந்தினருக்கு இடையூறாகும் என்று, உணவை அறைக்குள்ளேயே உண்ணச் செய்தனர். இரக்கத்தின் தலைநகரிலேயே உணவுக்கூடத்தில் அச்சிறுவர்க்கு இடமில்லை! அந்த வேதனையிலிருந்தே 'விசுவாசமும் ஒளியும்' என்னும் இயக்கம் பிறந்தது. 1971ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது ஏறத்தாழ 12,000 பேர் ஊனமுற்றோருடனும் அவர்தம் குடும்பத்தாருடனும் நண்பருடனும் லூர்தில் கூடிக் கொண்டாடினர். நோயாளருக்கான இடம் வேறு, விருந்தினருக்கான இடம் வேறு என்பதை அந்நிகழ்ச்சி திருச்சபைக்கு உணர்த்திற்று.

இனிப் படத்திற்கு மீள்வோம். ஓரிரவு கிறிஸ்தீன் படுக்கையிலிருந்து தானாகவே எழுந்து நடக்கிறாள். மருத்துவர் ஆராய்கின்றனர். உடன் வந்தோர் வியக்கின்றனர். சிலர், அவ்வளவு பக்தியில்லாத இவளுக்கு ஏன் என்று பொருமுகின்றனர். மலைக்குச் செல்லும் உல்லாசப் பயணத்தில் அவள் மற்றவரோடு தன் காலாலேயே நடக்கிறாள். காற்றும் வெயிலும் ஆண்மகனொருவனின் அன்பும் அவளுக்கு அங்கே கிட்டுகின்றன. நுண்ணிய நகைப்பும் ஆழ்ந்த பரிவும் கலந்த இக்காட்சிகள் படத்தின் உச்சம் எனலாம்.

எனினும் இங்கேதான் இயக்குநரிடம் நமக்கொரு வழக்குண்டு. தொண்டர்களின் சலிப்பையும் பொறாமையையும் கூர்ந்து காட்டிய அவர், அவர்களுடைய நெடுநாள் உழைப்பை ஒளி மங்கிய நிலையிலேயே விட்டுவிட்டார் என்பது ஒன்று. அதனினும் பெரிது மற்றொன்று. நாற்காலியா, அற்புதமா என்ற இரண்டே நிலைகளைத்தான் படம் அறிந்திருக்கிறது. எழுந்து நின்ற பின்னரே அவள் மலையின் இன்பத்தை நுகர்கிறாள். எழுந்து நின்ற பின்னரே அவள் காதலிக்கப்படுகிறாள். நாற்காலியில் அமர்ந்தவாறே ஒருத்தி மலைக்காற்றை நுகரலாகாதா? ஒரு சரிவுப் பாதையும், இறங்க இடமுள்ள ஓர் ஊர்தியும், அவசரமில்லாத ஒரு துணையும் இருந்தால் போதுமே! இவ்வினாவைப் படம் எழுப்பவில்லை. 2018ஆம் ஆண்டில் திருச்சபை ஏற்றுக்கொண்ட லூர்து அற்புதங்களின் எண்ணிக்கை 70ஐ எட்டியது. குணம் பெறாமல் திரும்பியோரோ கணக்கிலடங்கார். அவர்களுடைய பயணம் வீணாயிற்று என்று சொல்லத் துணிவோமா?

நற்செய்தி இவ்விரண்டு நிலைகளோடு நிற்பதில்லை. மாற்கு எழுதிய நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வருகின்றனர், வாயிலில் வழியில்லை, கூரையைப் பிரித்து இறக்குகின்றனர். நாம் நோயாளர் எழுந்து நடந்ததை நினைவில் வைத்து, கூரை பிரிக்கப்பட்டதை மறந்துவிடுகிறோம். அவர் நடப்பதற்கு முன்னரே கட்டடம் அவருக்காக மாற வேண்டியிருந்தது. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வரும் விருந்து பற்றிய அறிவுரையிலோ குணமாக்குதல் பற்றிய பேச்சே இல்லை. ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் கால் இயலாதோரையும் பார்வையற்றோரையும் விருந்துக்கு அழைக்குமாறு இயேசு கூறுகிறார். முதலில் குணமடைந்து பின்னர் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறபடியே வந்து அமர்ந்து உண்ண அழைக்கிறார். மகிழ்ச்சி நலமடைந்தோர்க்கு வழங்கும் பரிசன்று. விருந்துக்கு வரும் எல்லார்க்கும் உரிய பங்கு.

நம் வேளாங்கண்ணி மரபும் ஈதொத்ததே. நடுத்திட்டில் ஆலமர நிழலில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனின் வரலாறு நமக்கெல்லாம் மனப்பாடம். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்னை அவனிடம் மோர் கேட்டார். பின்னர் நாகப்பட்டினத்திற்குச் சென்று செய்தி சொல்லுமாறு பணித்தார். முதலில் அவன் ஒரு வணிகன். அடுத்து ஒரு தூதன். இரக்கத்திற்குரியவனாக மட்டும் அவர் அவனை நோக்கவில்லை. ஒரு பயணத்தை நம்பி ஒப்படைத்தார்.

இன்று உலகச் சட்டமும் இவ்வுண்மையை ஏற்றுள்ளது. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் விதி, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குபெறுதல் மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது. இந்தியா அதனை 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டத்திலும் பண்பாடும் பொழுதுபோக்கும் தனிப்பிரிவாக இடம்பெற்றன. 2022 நவம்பரில் சென்னை மெரினா கடற்கரையில் மணல்மீது நிலையான மரப்பாதை அமைக்கப்பட்டபோது, அதே நகரில் வாழ்ந்தும் அலையைத் தொட்டறியாதிருந்த பலர் முதன்முறையாகக் கடலருகே சென்றனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அப்பாதையைச் சிதைத்தது. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. அங்கே யாருடைய காலும் குணமாகவில்லை. பாதைதான் குணமாயிற்று.

இனி நம் பங்குகளைப் பார்ப்போம். ஆண்டுதோறும் பேருந்து ஏற்பாடு செய்து திருப்பயணம் போகிறோம். பெயர்ப் பட்டியலில் நடக்க இயலாதவர் பெயர் இல்லையெனில், அவருக்கு விருப்பமில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். அவர் வீட்டிற்குச் சென்று கேட்டோமா? பேருந்தின் படி எவ்வளவு உயரம் என்று பார்த்தோமா? தங்குமிடத்துக் கழிவறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று விசாரித்தோமா? ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும் என்பது கட்டடக் கலையறிந்த எவரும் சொல்லும் கணக்கு. பீடத்திற்குப் பளிங்கு பதிக்கும் நாம் வாசலில் அதற்கு இடம் ஒதுக்கினோமா? கழிவறை இல்லையென்பதற்காகப் பயணநாள் முழுதும் நீரருந்தாமல் இருக்கும் ஒருவரின் தாகம், சிலுவையடியில் கேட்ட தாகத்தினின்று வேறானதா?

படத்தின் இறுதிக்காட்சி நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பிரிவுவிழாவில் ஆடிக்கொண்டிருந்த கிறிஸ்தீன் தடுமாறி விழுகிறாள். எழுந்து சுவரோரமாக நிற்கிறாள். மூதாட்டி நாற்காலியைக் கொண்டுவந்து வைக்கிறார். முதலில் மறுத்தவள், பாட்டொலி தொடர்ந்திருக்க, மெல்ல அதில் அமர்கிறாள். அற்புதம் முடிந்துவிட்டதா என்று விமர்சகர் வாதிடட்டும். நாம் கேட்கவேண்டியது வேறு. மீண்டும் நாற்காலியில் அமர்ந்த அப்பெண்ணுக்கு அடுத்த விடுமுறையில் போவதற்கு ஓரிடம் உண்டா? மீண்டும் நோயாளியாகப் பெயர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே வீட்டுவாசலைக் கடக்க முடியுமெனில், அக்குறை அவள் உடலில் இல்லை. நம் வாசலில் இருக்கிறது. குணமளிப்பது இறைவனின் உரிமை. கூரையைப் பிரிப்பது என்றும் நம் கடமை.