5 மில்லி என்பது அளவு இல்லை

டான்சில், குடலிறக்கம் மாதிரி ஆபரேஷன் முடிந்த குழந்தைகளுக்கு டிஸ்சார்ஜில் தரும் சீட்டுகளைக் கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். தர்மபுரிப் பக்கம் நான் பார்த்த பலவற்றில் வலிக்கு ஒரே வரிதான்: "பாராசிட்டமால் சிரப் 5 மில்லி, எஸ்ஓஎஸ்." என் விமர்சனம் அந்த வரி மேல்.

கடையில் இந்த சிரப் 5 மில்லிக்கு 120 மி.கி., 125, 250 என்று விதவிதமாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. ஒரு வேளைக்குத் தேவை கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180. அதே 5 மில்லி, 120 பாட்டிலில் சரி, 250 பாட்டிலில் அதிகம், டிராப்ஸில் 500 மி.கி.! டவுனில் வாங்கியது தீர்ந்து பென்னாகரத்தில் அடுத்த பாட்டில் வாங்கும்போது ஸ்ட்ரெங்த் மாறினால், சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. (யூனிட் குழப்பத்தில்தான் 1999-ல் நாசா ஒரு செவ்வாய் விண்கலத்தையே தொலைத்தது.) இத்தனைக்கும் மயக்க மருந்தை எடை பார்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பாங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த எடை எங்கே போகிறது?

அடுத்தது எஸ்ஓஎஸ். தேவைப்பட்டால் கொடுங்கள் என்று அர்த்தம். தேவையை யார் முடிவு செய்வது? தொண்டை வலிக்கிற குழந்தை அழக்கூட அழாது, சுருண்டு படுத்துக்கொண்டு தண்ணீரை ஒதுக்கும். தூங்குதேன்னு அம்மா விட்டுவிடுவார். அதனால் டான்சில் மாதிரி ஆபரேஷனில் முதல் சில நாள் அழுகைக்குக் காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுப்பதே நல்லது.

டான்சில் ஆபரேஷனுக்குப் பின் கோடீன் கொடுத்துக் குழந்தைகள் இறந்ததால், 2013-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ கடும் எச்சரிக்கை விட்டது. 2017-ல் 12 வயதுக்குக் கீழே கோடீனே கூடாது என்றது. அங்கே இப்போது பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும்தான் முதல் வரிசை. சாதாரண மருந்துதானே என்று அலட்சியமாக எழுத முடியாது.

இன்னொரு பொறி, மெஃபனமிக் ஆசிட் சிரப். பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். சளி சிரப்பிலும் இருக்கும். தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் டோஸ் இரட்டிப்பு, பாதிப்பு கல்லீரலுக்கு.

டாக்டர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "எடை 12 கிலோ. பாராசிட்டமால், 5 மில்லிக்கு 120 மி.கி. பாட்டில். 6 மில்லி, காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. இரண்டு நாள். வேறு சிரப் சேர்க்கும் முன் கேட்கவும். ரத்தம் வந்தால், தண்ணீர் குடிக்காவிட்டால் உடனே வரவும்." கூட ஊசியில்லாத ஒரு சிரிஞ்ச் கொடுத்து, 6 மில்லி கோட்டில் பேனாவால் கோடு போட்டுவிடலாம்.