கோடு கிழிப்பது வகை காண்பதாகாது

மலேசியாவில் பி40, எம்40, டி20 என்பவை ஏறக்குறைய மக்களின் பெயர்களாகவே ஆகிவிட்டன. கல்விக்கடன் பாரத்தை நிரப்பும் பெற்றோர் 'நாங்கள் பி40 குடும்பம்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் குடும்பங்களை மாத வருமானப்படி வரிசைப்படுத்தி, நாற்பது, எண்பது விழுக்காட்டில் வெட்டினால் கிடைப்பவைதான் இந்த மூன்றும். 2022 கணக்கெடுப்பில் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழே பி40, 11,820-இலிருந்து டி20. தகவல் அமைப்பு ஆய்வாளர்கள் வகைமாதிரி என்று சொல்வது இதையல்ல. எந்தப் பண்புகள் சேர்ந்தே வருகின்றன, ஏன் சேர்ந்து வருகின்றன என்று வகைமாதிரி சொல்ல வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் ஆறு பேர் 5,300 ரிங்கிட்டில் வாழ்ந்தால் தலைக்கு 883 ரிங்கிட்தான் தேறும், அந்த 2022 கோட்டின்படி அவர்கள் எம்40. கிளந்தான் மாநிலத்தில் இருவர் 5,200 ரிங்கிட்டில் வாழ்ந்தால் தலைக்கு 2,600, அவர்கள் பி40. கோலாலம்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் அந்த ஆண்டில் 10,234 ரிங்கிட். அப்படிப்பட்ட நகரில் 5,300 ரிங்கிட் என்ன வாங்கும் என்பதை அந்தக் கோடு கேட்பதே இல்லை.

2024 ஜனவரி 2-ஆம் நாள் தொடங்கப்பட்ட, மலேசிய அரசின் 'பாடு' தரவுத்தளத்தின் நோக்கம் இந்தக் குறையைக் களைவதுதான்: மொத்த வருமானத்தை மட்டும் பார்க்காமல், செலவு போக மிஞ்சுவதையும் பார்ப்பது. நோக்கம் சரி. முறைதான் கேள்வி. அத்தகைய தரவைக் கொண்டு குடும்பங்களின் வகைமாதிரிகளை உருவாக்க நினைத்தால் இரண்டு வழிகள் உண்டு. கோட்பாட்டிலிருந்து தொடங்கும் வழி சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் 'இலட்சிய வகை' என்ற கருத்திலிருந்து வருவது. அது தெளிவானது, ஆனால் ஆய்வாளர் முன்பே நம்பியதையே திருப்பிச் சொல்லக்கூடியது. தரவிலிருந்து தொடங்கும் வழி, ஒத்தவற்றைக் கணினி கொண்டு கொத்தாகச் சேர்க்கும் கொத்துப் பகுப்பாய்வு. அங்கே எண்களே பேசுகின்றன, ஆகவே சார்பு இல்லை என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. கே-மீன்ஸ் என்ற கொத்தாக்கும் முறையிடம் ஐந்து கொத்து கேட்டால், தரவில் எந்தப் பிரிவும் இல்லாவிட்டாலும் ஐந்தைத் தரும். எதை அளப்பது, எதை விடுவது என்று அதற்கு முன்பே ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் தொழில் செய்யும் பார்வையற்றவரின் ஏறி இறங்கும் நாள் வருமானத்துக்கும், பூ கட்டி விற்கும் பெண்ணின் விழாக்கால வருமானத்துக்கும் பதிவுப் பாரத்தில் கட்டம் இல்லையென்றால், எந்தக் கொத்தும் அவர்களைக் கண்டுபிடிக்காது. நிக்கர்சன், வர்ஷ்ணி, முண்டர்மான் மூவரும் 2013-இல் முன்வைத்த வகைப்பாட்டு முறை கோட்பாட்டுக்கும் தரவுக்கும் இடையே மாறிமாறிச் செல்லச் சொல்கிறது. எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே அறிவிக்கச் சொல்கிறது. மற்ற வழிகளைவிட நேர்மையானது இதுவே என்பது என் கணிப்பு.

வருமானக் கோட்டை ஆதரிப்போரின் வாதத்திலும் வலு உண்டு. 5,250 என்ற எண்ணை யாரும் சரிபார்க்கலாம், மேல்முறையீடு செய்யலாம். கணினி சேர்த்த கொத்தை எதிர்த்து எந்த முகப்பில் போய் வாதாடுவது? அதனால்தான் அரசு உதவிக்கான தகுதியை முடிவு செய்யும் வேலையை வகைமாதிரியிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன். அந்த வேலைக்கு வெளிப்படையான விதி வேண்டும். வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர் வாடகை என்பவையும் அந்த விதிக்குள் வர வேண்டும். எந்த உதவி யாருக்கு எந்த வடிவில் பயன்படும் என்று திட்டமிட வகைமாதிரி போதும். அதை உருவாக்குவோர், எந்த வகையிலும் சரியாகப் பொருந்தாத குடும்பங்கள் எத்தனை என்பதையும் அவர்கள் யார் என்பதையும் வகைகளோடு சேர்த்தே வெளியிட வேண்டும். அந்த எண்ணை மறைக்கும் வகைமாதிரியை மானியத் திட்டமிடலுக்குள் விடவே கூடாது.